தண்ணீர் மோட்டாரும் முதலாளியின் இடுப்பும்

முத்தியால்பேட்டையில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் டிசைனராகச் சேர்ந்த முதல் நாளே, ஓனர் ரவி அண்ணன் எனக்குத் தொழில் ரகசியத்தைச் சொல்லிவிட்டார்.

"லேடி இல்லாம லேஅவுட் போடாதம்மா. கஸ்டமர் திரும்பி வரமாட்டான்."

அன்று வந்த ஆர்டர் சிமென்ட். மூட்டைமேல் சாய்ந்தபடி ஒரு பெண்ணைப் போட்டேன். அடுத்தது இன்வெர்ட்டர் பேட்டரி. அதைக் கட்டிப்பிடித்தபடி ஒரு பெண். முறுக்குக் கம்பிக்கும் ஒருத்தி உண்டு, கண்ணடித்துக்கொண்டு நிற்பாள். எந்த மேஸ்திரியும் கடைக்குப் போய் அந்தப் பெண் எங்கே என்று கேட்டதாகத் தெரியவில்லை. கம்பி எத்தனை எம்.எம். என்றுதான் கேட்டிருப்பார். ஆனாலும் வருஷக்கணக்காக இதையே போட்டுக்கொண்டிருந்தேன்.

மோட்டார் போர்டு

தண்டபாணி என்று ஒரு கஸ்டமர். டவுனில் தண்ணீர் மோட்டார் கடை வைத்திருக்கிறார். சென்னையிலிருந்து மாடலை வரவழைத்தால் செலவாகும் என்று, கடையில் பில் போடும் செல்வியையே யூனிஃபார்ம் புடவையில் மோட்டார் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்து அனுப்பினார். மூலையில் வைக்கத் தன் கைகூப்பிய படத்தையும் வழக்கம்போல அனுப்பியிருந்தார்.

நான் அனுப்பிய போர்டு மாதிரியின் முதல் புரூப்பைப் பார்த்துவிட்டுப் போன் செய்தார்.

"நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா பொண்ணு கலரு கம்மி. வெளுப்பாக்கு. இடுப்ப சின்னதாக்கி, கொஞ்சம் தெரியற மாதிரி வை. லிப்ஸ்டிக் நல்லா செவப்பா போடு. அப்புறம், துணிய நனைச்சுடு."

"எதுக்குண்ணே?"

"தண்ணி மோட்டாரு. ஈரமா இருந்தாத்தான எடுப்பா இருக்கும்?"

மோட்டாரை நனைக்கச் சொல்லவில்லை. அது கெட்டுவிடுமே.

நான் திருத்திக்கொண்டிருந்தபோது, புரூப் வாங்கிப்போக வந்த செல்வி பின்னால் நின்று பார்த்துவிட்டாள்.

"அக்கா, இது நானா?"

எனக்குச் சுருக்கென்றது. அவள் அழவில்லை. மெதுவாகத்தான் பேசினாள்.

"போர்டு எங்க பிள்ளைச்சாவடி ஸ்டாப்புலதான் வைக்கப்போறாராம். அம்மா மீன் கூடையோட அங்கதாங்க்கா பஸ்ஸுக்கு நிப்பாங்க. எனக்கு நிச்சயம் வேற ஆகியிருக்கு. வேணாம்னு சொன்னா வேலைய விட்டு நிறுத்திடுவாரு."

ரவி அண்ணனிடம் சொன்னேன். "அவரு பெரிய கஸ்டமர். அவரு போனா நீயும் கூடவே போயிடு" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. போனால் போகட்டும் என்று உட்கார்ந்தேன். தண்டபாணி சொன்ன திருத்தம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் செய்தேன். ஆள் மட்டும் மாறியிருந்தார். செல்வியின் படத்தைப் பழையபடி வைத்துவிட்டு, மூலையில் கைகூப்பி நின்றவரை வெளுப்பாக்கி, இடுப்பைச் சிறுத்து, உதட்டைச் சிவப்பாக்கி, சட்டையை நனைத்து வயிற்றோடு ஒட்டவைத்து அனுப்பினேன்.

உடனே போன் வந்தது.

"ஏம்மா, யாரு இது?"

"நீங்கதாண்ணே."

"சட்ட ஏன் நனைஞ்சிருக்கு?"

"தண்ணி மோட்டாராச்சே. எடுப்பா இருக்கட்டும்னு."

"வெளையாடுறியா? நான் கோயில் கமிட்டியில இருக்கேன். பிரான்ஸ்ல இருக்கிற சம்பந்தி பாத்தா என்ன நெனைப்பாரு?"

"அவரு வருஷத்துக்கு ஒருவாட்டி வந்து பாப்பாருண்ணே. செல்வி அம்மா தெனமும் பாக்கணும்."

என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

"சரி, அந்தப் பொண்ண அப்படியே வுட்டுடு. எனக்கும் சட்டைய காயவச்சிடு. இடுப்பு, உதடு எல்லாம் பழையபடி போட்டுடு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கலர மட்டும் அப்படியே வுட்டுடும்மா" என்றார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தருவது இதுதான்: பொண்ணு படத்தில் கஸ்டமர் கேட்கும் திருத்தத்தை முதலில் அவர் படத்திலேயே செய்து அனுப்புங்கள். பாதி அப்போதே வாபஸ் ஆகிவிடும்.

போர்டு வைத்த பிறகு ஒருநாள் பிள்ளைச்சாவடி போயிருந்தேன். ஸ்டாப்பில் செல்வியின் அம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம் பொண்ணு எம் பொண்ணாட்டமே இருக்கா" என்றார். "அந்த மூலையில கும்புடுறாரே, அந்த வெள்ளக்காரரு யாரும்மா?"