கீரிப்பூச்சி முட்டை

அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடி போகும் ரோட்டில் உள்ள ஒரு பார்மசி கல்லூரியில் எனக்கு வேலை. மருந்து ஆராய்ச்சிக்காக அங்கே எலிகளும் சுண்டெலிகளும் வளர்க்கிறோம். அவை நோயில்லாமல் இருக்கின்றனவா என்று பரிசோதித்துச் சொல்வது என் பொறுப்பு. கால்நடை லேப் படிப்பு படித்தவள் நான். ஏற்கெனவே நோயுள்ள உடம்பில் மருந்தைச் சோதித்தால், கிடைக்கிற பலன் மருந்தால் வந்ததா நோயால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

பரளச்சியில் மக்காச்சோளம் போட்டிருக்கும் என் அப்பாவுக்கு இந்த வேலை பிடிபடவே இல்லை. "நான் எலிக்கு மருந்து வைக்கிறேன், எம் மக எலிக்கு மருந்து குடுக்குறா" என்று டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

போன கோடையில் வெளியூர்ப் பண்ணை ஒன்றிலிருந்து புதிதாகச் சுண்டெலிகள் வந்தன. ஆரோக்கியமானவை என்று சான்றிதழும் கூடவே வந்தது. எம்.பார்ம் இறுதியாண்டு மாணவி ஒருத்தியின் ஆய்வுக்காக வாங்கியவை அவை. அருப்புக்கோட்டை நெசவாளர் வீட்டுப் பெண் அவள். இந்தப் பக்கத்துத் தரிசுக் காடுகளில் முளைக்கும் ஒரு செடியின் சாறு மூட்டு வீக்கத்தைக் குறைக்குமா என்று பார்க்க வேண்டும்.

"அக்கா, நாளைக்கே ஆரம்பிச்சிரலாமா?"

"தனி ரூம்ல இருக்கட்டும்மா. டெஸ்ட் பாத்துட்டுச் சொல்றேன்."

"பாத்தாலே நல்லாத்தானக்கா இருக்கு?"

அவள் சொன்னது தப்பில்லை. ரோமம் பளபளவென்றிருந்தது, தீவனம் நன்றாகத் தின்றன. இருந்தாலும் ஒவ்வொன்றாகப் பிடரியைப் பிடித்துத் தூக்கி, வாலடியில் செலோ டேப்பை ஒட்டி எடுத்து, அதைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். முதலில் பார்த்தவற்றில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு தகட்டில், ஒரு பக்கம் தட்டையாக, மறுபக்கம் வளைவாக, குட்டி வாழைப்பழம் மாதிரி ஒரு முட்டை. பக்கத்திலேயே இன்னும் சில. சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற கீரிப்பூச்சியின் இனம்தான். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே மாற்றிவிடும். வீக்கத்தை அளக்கிற ஆய்வுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.

துறைத் தலைவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"முட்டை தெரியாத கூண்டுகள மட்டும் எடுத்துக்கலாமாம்மா?"

"தெரியலைங்கிறதால இல்லைன்னு ஆயிராது சார். இன்னைக்குப் புழு முட்டை போடாம இருந்திருக்கும்."

அவர் மைக்ராஸ்கோப் விளக்கை அணைத்தார். "சரி, நிறுத்திருவோம்" என்றார். அந்தப் பெண் வராந்தாவில் நின்று அழுதாள். ஆனால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது.

மறுநாளே வைத்தியம் தொடங்கியது. புழு மருந்து கலந்த தீவனம் கொடுத்தோம். கூண்டுகளை நீராவியில் வேகவைத்தோம். உதிர்ந்த முட்டை தரையிலும் தட்டிலும் நாள்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால் அறை முழுவதையும் திரும்பத் திரும்பக் கழுவினோம். தண்ணீர் லாரி வராத நாளில் ஹாஸ்டல் தொட்டியிலிருந்து குடத்தில் சுமந்தோம். அழுத பெண் முகத்தில் மாஸ்க்கோடு வந்து, கேட்காமலேயே ஒரு குடத்தை எடுத்துக்கொண்டாள்.

அதன் பிறகு, எங்களிடமே பிறந்த, புழு இல்லாத இளம் சுண்டெலிகள் சிலவற்றைத் தனிக்கூண்டில் விட்டு, புதியவற்றின் கூண்டில் விரித்திருந்த அழுக்கு உமியை அதில் கலந்து வைத்தேன். காவல் சுண்டெலிகள் என்போம். நோய் மிச்சமிருந்தால் இவற்றுக்குத் தொற்றிக் காட்டிக்கொடுக்கும். வாரங்கள் கழித்து இவற்றின் ரத்தத்தையும் புழுக்கையையும் ஐஸ் பெட்டியில் வைத்து வெளி லேபுக்கு அனுப்பினோம். வைரஸ்களையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருந்தேன்.

முடிவு போனில் வந்தபோது சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தேன். எல்லாவற்றுக்கும் நெகட்டிவ். டப்பாவை அப்படியே வைத்துவிட்டு அவளைத் தேடி ஓடினேன்.

"ஆரம்பிக்கலாம்மா!"

அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு குதித்தாள்.

ஆய்வை முடித்து அவள் வாய்மொழித் தேர்வுக்கு நின்ற அன்று நான் கடைசி வரிசையில், அவள் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் எடுத்த எடுப்பிலேயே இங்கிலீஷில் கேட்டார்: "உங்க சுண்டெலிகளுக்கு வேற நோய் இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க?"

அவள் தடுமாறவில்லை. முட்டை கண்டது, ஆய்வை நிறுத்தியது, வைத்தியம், காவல் சுண்டெலிகள், வெளி லேப் முடிவு என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். "இதை இத்தனை கவனமா எல்லாரும் செய்றதில்ல" என்றார்.

அவள் அம்மா என் காதருகே குனிந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். என்னிடம் தமிழில் கேட்டார்: "என்னம்மா கேக்குறாக?"

"எங்க வேலையப் பத்திக் கேக்குறாகம்மா."

"நல்லாச் சொல்றாளா?"

"ரொம்ப நல்லாச் சொல்றா" என்றேன். சொல்லும்போதே முதுகு தானாக நிமிர்ந்தது.