ரெண்டு ஊரு, ஒரு நாற்காலி

ஊராட்சி செயலர் வேலைன்னா, குழாயில தண்ணி வந்தா சாமி புண்ணியம், வரலைன்னா நம்ம பாவம். உங்க ஆபீசையும் பக்கத்து ஆபீசோட சேத்திருந்தா, நான் பட்டது உங்களுக்குச் சொல்லாமலே வெளங்கும். நான் ஆவாரங்குளம் செயலர். பக்கத்துல சில்லாம்பட்டி. ரெண்டும் சின்ன ஊராட்சி, ஒண்ணாக்கிட்டாக. செயலர் ரெண்டு பேரு, நாற்காலி ஒண்ணு. சில்லாம்பட்டி முத்தையா அண்ணன் என்னைவிட சீனியர். அப்ப மாறுதல் வாங்கி நரிக்குடிப் பக்கம் நான்தான் போகணும், ரெண்டு பஸ்ஸு மாறி. வீட்டுக்காரரு சவுதியில. மாமியார் பக்கவாதத்துல படுத்த படுக்கை. மத்தியானம் ஓடிப்போய் கஞ்சி ஊத்திட்டு வர இந்த ஆபீசுதான் தோது.

பலகை

போர்டுல எந்த ஊரு பேரு முன்னாடின்னு ஒரு வாரம் சண்டை. ஆபீசு ரெண்டு ஊருக்கும் நடுவுல, ரோட்டோரம். பெயிண்டர் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், போர்டை ரோட்டுக்குக் குறுக்கால திருப்பி நட்டு, ரெண்டு பக்கமும் பேரை முன்னப்பின்ன மாத்தி எழுதிட்டாரு. "அவுகவுக ஊருலருந்து வந்தா அவுக பேருதான் முன்னாடி. போகும்போது திரும்பிப் பாக்காதீக."

தண்ணி

எங்க ஊருல உப்புத் தண்ணி. சில்லாம்பட்டி போருல நல்ல தண்ணி. இணைப்புக்கு அப்புறம் அங்கருந்து எங்க ஊருக்குக் குழாயை இழுத்தோம். சண்டை வரும்னுதான் நினைச்சேன். தண்ணி வந்த மொத நாளே சில்லாம்பட்டிக்கார அக்கா ஒருத்தி வந்து நின்னா. குழாயைத் திறந்து ஒரு வாய் குடிச்சுப் பாத்தா. "எங்க தண்ணிதான், கெடாம வந்திருக்கு. புடிங்க, புடிங்க."

சீலு

என்னை மாத்தக் கூடாதுன்னு ரெண்டு ஊருக்காரவுகளும் சேந்து மனு எழுதுனாக. நான் கஞ்சி ஊத்தப் போன நேரம், மனு கனமா இருக்கட்டும்னு, ஒப்படைக்க எடுத்து வச்சிருந்த ரெண்டு ஊராட்சியோட பழைய ஆபீசு சீலையும் குத்தி அனுப்பிட்டாக. ஒன்றிய ஆபீசுல அதிகாரி படிச்சுப் பாத்துட்டு என்னைக் கூப்பிட்டாரு. "ஏம்மா, உனக்காக மனு குடுத்த ரெண்டு ஊராட்சியும் இப்ப இல்லையே."

மாறுதல்

அன்னைக்கே நம்பிக்கையை விட்டுட்டேன். மாமியாரைப் பாத்துக்க ஆளு விசாரிச்சேன், கிடைக்கல. மறுவாரம் நரிக்குடிக்கு மாறுதல் ஆர்டரு வந்துச்சு. பிரிச்சா முத்தையா அண்ணன் பேரு. தானே விருப்பம் எழுதிக் குடுத்திருக்காரு, எங்கிட்ட மூச்சு விடல. நான் மத்தியானம் போறப்பல்லாம் வர்றவுகளைப் பாத்துக்கிட்டது அவருதான். "ஏண்ணே இப்படிச் செஞ்சீக"ன்னு அழுதேன். பையைத் தோள்ல மாட்டிக்கிட்டே சொன்னாரு. "அத்தைக்கு நீதான கஞ்சி ஊத்தணும்? எனக்கு பஸ்ஸுல நல்லாத் தூக்கம் வரும்மா, நான் வாரேன்."

ஆக, இந்த இணைப்புல எனக்குக் கிடைச்சது ரெண்டு ஊரு வசவும், கூடப்பொறக்காத ஒரு அண்ணனும்.