ஐந்து மூக்கு, ஒரு டியூப்

1. கலவை

முப்பத்தொரு வருஷம் லேப் டெக்னீஷியனாக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக ஏதாவது எழுதுங்கள், கொஞ்சம் கோபத்தைக் குறைத்து எழுதுங்கள் என்றார்கள். கோபத்தைக் குறைத்தால் இதை எழுதவே தேவையில்லை.

கொரோனா இரண்டாம் அலை. ஹைதராபாத்தில் திருமுல்கேரி பக்கம் ஒரு தனியார் லேபில் நான் சீனியர். தெருவுக்குத் தெரு காய்ச்சல். சாம்பிள் பெட்டிகளை வைக்க இடமில்லாமல் வாசல் வரை அடுக்கியிருந்தோம். அப்போதுதான் ஆபரேஷன்ஸ் மேனேஜர் கார்த்திக், வீட்டுக்குப் போய் எடுத்து வரும் சாம்பிளையெல்லாம் பூல் பண்ணச் சொன்னார். கோயம்புத்தூர்க்காரர். மாதாப்பூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்துவிட்டு எங்களிடம் வந்தவர். மூக்கில் விடும் குச்சியை அவர் கையில் எடுத்துப் பார்த்ததுகூட இல்லை.

பூல் என்பது இதுதான். ஐந்து பேருடைய சாம்பிளிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் எடுத்து ஒரே டியூபில் கலந்து ஆர்டி-பிசிஆர் ஓட்டுவது. நெகட்டிவ் வந்தால் ஐந்து பேருமே நெகட்டிவ். பாசிட்டிவ் வந்தால் ஐந்தையும் தனித்தனியாக ஓட்ட வேண்டும். தொற்று குறைவாக இருக்கும்போது அது நல்ல முறைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் பிசிஆரில் இன்டர்னல் கன்ட்ரோல் என்று ஒன்று உண்டு. குச்சியில் மனுஷனுடைய செல் ஒட்டியிருந்தால் திரையில் அதற்கென்று ஒரு கோடு மேலே ஏறும். ஏறவில்லை என்றால் குச்சி மூக்குக்குள் ஒழுங்காகப் போகவில்லை என்று அர்த்தம். அந்த ரிசல்ட் நெகட்டிவ் இல்லை, இன்வாலிட். ஆளைக் கூப்பிட்டு மறுபடி எடுக்க வேண்டும். ஐந்தைக் கலந்துவிட்டால் மற்ற நாலு பேருடைய செல்லே அந்தக் கோட்டை ஏற்றிவிடும். ஐந்தாவது வெறும் குச்சி என்பது யாருக்கும் தெரியாது.

இதை நான் சொல்லாமல் இல்லை.

"கார்த்திக், வெறும் குச்சியெல்லாம் நெகட்டிவ்னு போயிரும்."

"ஏனுங் மேடம், நம்மாளுங்க குச்சிய மூக்குல விடாம காத்துலயா ஆட்டிட்டு வர்றாங்க? டிஏடி பாருங்க மொதல்ல. லேட்டாச்சுன்னா கஸ்டமரு அடுத்த லேபுக்குப் போயிருவாங்க."

சாம்பிள் வந்து ரிப்போர்ட் போகிற வரை ஆகும் நேரத்துக்குத்தான் டிஏடி என்று பெயர். அவருடைய கம்ப்யூட்டரில் அது சிவப்பாகிவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. நான் முணுமுணுத்துக்கொண்டே போய்ப் பூல் ஓட்டினேன். கையெழுத்தும் போட்டேன்.

2. பொடி போடும் மூக்கு

ஒரு நாள் காலை பத்து மணிக்குக் கவுன்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர் வந்து நின்றார். பெயர் மரியதாஸ். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், லோத்குண்டாவில் வீடு. கையில் எங்கள் ரிப்போர்ட். நான் தமிழ் பேசுவது தெரிந்ததும் கடகடவென்று சொல்ல ஆரம்பித்தார்.

"நேத்து சாயங்காலம் நெகட்டிவ்னு வந்துச்சும்மா. இந்தப் பேப்பர் நக்கோ, வேணாம், மறுபடி பாருங்க. நாப்பது வருஷமா பொடி போடுற மூக்கு இது. இன்னிக்குப் போட்டா வாசனையே இல்ல."

கண்ணாடிக்குப் பக்கத்தில் போய்க் கேட்டேன்.

"அண்ணாச்சி, குச்சி விடும்போது கண்ணுல தண்ணி வந்துதா?"

"நை மா. ஒரு தும்மல்கூட வரல. மூக்கு வாசல்ல தொட்டுட்டு எடுத்துட்டாரு. இவ்ளோதானான்னு கேட்டேன். 'ஹவ் அங்கிள், ஹோ கயா', ஆமா முடிஞ்சுதுன்னு போயிட்டாரு."

குச்சி எடுத்தவர் நரேஷ். அவர் பெட்டிதான் தினமும் எல்லாருக்கும் முன்னால் நிறைந்து வரும். கெட்டிக்காரர் என்று கார்த்திக் எல்லார் முன்னாலும் பாராட்டியிருக்கிறார்.

"எனக்குன்னா பரவால்லம்மா. வீட்டுக்காரிக்கு டயாலிசிஸ் நடக்குது. இன்னிக்கு மத்தியானம் கூட்டிட்டுப் போகணும். இந்தப் பேப்பர் காட்டுனாத்தான் என்னை உள்ள விடுவாங்க. காய்ச்சல் வந்ததுல இருந்து நான் வெராண்டாலதான் படுத்தேன். நேத்து இது வந்தப்புறம்தான் உள்ள போனேன். பாவம், கால் வலின்னு சொன்னா. உக்காந்து அமுக்கி விட்டேன்."

நானே கவசம் போட்டுக்கொண்டு வெளியே வந்து குச்சி விட்டேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது, நாலு தும்மல் தும்மினார். ரேபிட் ஆன்டிஜென் கார்டில் சொட்டு விட்டேன். அதற்குப் பதினைந்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். பாதி நேரத்திலேயே இரண்டாவது கோடு பளிச்சென்று வந்துவிட்டது.

"ரெண்டு கோடுன்னா என்னம்மா?"

"இருக்குன்னு அர்த்தம் அண்ணாச்சி."

அவர் அங்கேயே நின்று மகளுக்குப் போன் போட்டார். "ஜெஸ்ஸி, அம்மாவ நீ கூட்டிட்டுப் போ. மொதல்ல டெஸ்ட் பண்ணு அவளுக்கு. நான் வீட்டுக்கு வர மாட்டேன்."

3. தட்டையான கோடு

ஃப்ரிட்ஜிலிருந்து அவருடைய பழைய டியூபைத் தேடி எடுத்துத் தனியாக ஓட்டினேன். இன்டர்னல் கன்ட்ரோல் கோடு கடைசி வரை தரையோடு தரையாகக் கிடந்தது. அந்தக் குச்சியில் வைரஸும் இல்லை, மனுஷனும் இல்லை. பிரின்ட் எடுத்துக்கொண்டு போய்க் கார்த்திக்கின் மேஜையில் வைத்தேன்.

"இந்த ஒருத்தருக்கு மட்டும் சாம்பிள் போதலைன்னு மாத்திக் குடுத்துரலாமுங்க."

"சாம்பிள் போதலையா? எடுக்கவே இல்ல! நரேஷ் கொண்டுவந்தது அத்தனையும் தனித்தனியா ஓட்டணும். அந்த ஆளுங்களுக்கெல்லாம் போன் பண்ணணும்."

"மேடம், போன ரிப்போர்ட்டையெல்லாம் தோண்டுனா லேப இழுத்து மூடிட்டுப் போக வேண்டியதுதானுங்க."

"மூடுங்க!"

நான் கத்தியது வாசல் வரை கேட்டிருக்கும். நரேஷ் மாடிப்படியில் அந்த பிளாஸ்டிக் உடையோடு வியர்த்து வடிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். "வலிக்குதுன்னு எல்லாரும் திட்றாங்க மேடம். இத்தனை வீடு முடிக்கணும்னா நான் என்ன செய்ய?" என்று தெலுங்கில் கேட்டார். அவரை அறையலாம் போல இருந்தது. ஆனால் அத்தனை வீடுகளை அவர் தலையில் கட்டியது யார்?

தனிக் கோடு பார்க்காத எந்த ரிப்போர்ட்டிலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாளே பூல் நின்றது. பழைய ரிப்போர்ட்டுகளை யாரும் தொடவில்லை. டியூபுகளைக் கழிவில் போட்டுவிட்டார்கள். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு நானே போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன். அதற்காக என் மேலேயே எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அடங்கவில்லை.

4. கையெழுத்து

மரியதாஸ் பிழைத்துக்கொண்டார். அவர் மனைவிக்கு மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. பாசிட்டிவ் என்றதும் டயாலிசிஸ் சென்டரில் சேர்க்க மாட்டோம் என்றுவிட்டார்கள். வேறு இடம் கிடைப்பதற்குள் உடம்பு வீங்கிப்போய்விட்டது. அந்த அம்மா திரும்பி வரவில்லை.

ஒரு மாதம் கழித்து மரியதாஸ் வந்தார். சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதே ரிப்போர்ட்டைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினார்.

"இது வரலேன்னா நான் வெராண்டாலயே படுத்திருப்பேன்மா. எனக்கு அங்க ஒரு கஷ்டமும் இல்ல."

கண்ணாடி வழியாக விரலால் பேப்பரின் அடிப்பக்கத்தைக் காட்டினார்.

"கீழ கையெழுத்து யாருதும்மா? படிக்க வரல."

"என்னுது அண்ணாச்சி."

என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பேப்பரை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

பிள்ளைகளே, இன்வாலிட் என்று எழுத வெட்கப்படாதீர்கள். மேனேஜர் கத்துவார், கத்தட்டும். எங்களுக்குத் தெரியவில்லை, மறுபடி வாருங்கள் என்று நான் அன்றைக்குச் சொல்லியிருந்தால், ஒரு மனுஷர் இன்னும் சில நாள் வெராண்டாவில் படுத்திருப்பார். அவ்வளவுதான் ஆகியிருக்கும்.