கதவில் லில்லி

அப்பாவின் பழைய இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரை இரும்புலியூர் வீட்டில் நானே சரிசெய்துகொண்டிருக்கிறேன். இன்று கதவைத் தேய்த்தபோது பெயிண்டும் அதன் அடியில் பூசியிருந்த பட்டியும் உதிர்ந்து அக்காவின் பெயர் தெரிந்தது. லில்லி.

அப்போதெல்லாம் ஞாயிறு சர்ச் முடிந்ததும் அப்பா எங்களில் ஒருவரை மாற்றி மாற்றி ஏற்றிப்போவார். வெயிலில் காய்ந்த ரெக்சின் சீட் தொடையைச் சுடும். சட்டையெல்லாம் பெட்ரோல் வாசம். ஒருமுறை என் முறையை அக்காவுக்குக் கொடுத்துவிட்டார். ஆத்திரத்தில் நான்தான் ஆணியால் அவள் பெயரைக் கீறினேன். அதன்பின் அப்பா அவளை ஏற்றவே இல்லை.

மாலையில் மேடவாக்கத்திலிருந்து வந்த அக்கா அந்த எழுத்துகளைத் தடவினாள்.

"நான் எழுதலன்னு எவ்ளோ அழுதேன், அப்பா நம்பவே இல்லடா. சரி, ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறியா? பயப்படாத, ஆணி எடுத்துட்டு வரல."

சிரித்தாள். நான் சாவியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.