இளவரசியின் வெள்ளிச் செப்பு

நம்பாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். யாரையும் நம்பவைக்கும் தெம்பு எனக்கு இல்லை. என் கண்முன் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

வியன்னாவில் அந்தக் காலத்து ராஜ குடும்பத்தாரை முழுசாக ஒரே இடத்தில் வைப்பதில்லை. உடல் நிலவறையில், ஈயப்பெட்டிக்குள். இதயம் மட்டும் வெள்ளிச் செப்பில், மூடி போட்ட ஒரு சின்னச் சிமிழில், பக்கத்துத் தெரு தேவாலயத்தில். இரண்டு இடத்திலும் பழுது பார்ப்பது நானும் அண்ணன் செவெரினும்தான். செப்பு பழுதானால் நேரே பட்டறைக்குப் போக வேண்டும். நிலவறைப் பக்கம் கொண்டுவரவே கூடாது. தொழிலுக்கு வந்த அன்றே எங்களுக்குச் சொல்லப்பட்ட விஷயம் அது.

ஜனவரி. மாலை ஐந்து பத்து. ஒன்பது வயதில் இறந்த ஓர் இளவரசியின் பெட்டியில் விரிசலை அடைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் தோள்பையோடு இறங்கி வந்தான்.

"பைல என்ன?"

"உன் இளவரசியோட செப்புதான். மூடி கழண்டுடுச்சு. இந்தப் பனியில பட்டறை வரைக்கும் எவன் நடப்பான்? இங்கயே ஒட்டிடறேன்."

"வேணாம்ணா. மேல கொண்டு போ."

"முந்நூறு வருஷமா காஞ்சு கிடக்கு. எந்திரிச்சு கடிக்கவா போகுது? போடி பயந்தாங்கொள்ளி."

செப்பைப் பெட்டியின் மேல் வைத்தான்.

டொக்...

பெட்டிக்குள்ளிருந்து. என் உள்ளங்கைக்கு நேர் கீழே.

டொக்... டொக்...

"குளிருக்கு ஈயம் சுருங்குது" என்றான். ஈயம் இப்படி ஒரே சீராகச் சுருங்காது. அது அவனுக்கும் தெரியும். அவசரமாக மூடியை ஒட்டினான்.

ஒட்டி முடித்ததும் சத்தம் நின்றது.

பிறகு...

டொக்...

இந்த முறை செப்புக்குள்.

"குளிருதுடி..." என்றான் அண்ணன்.

சரிந்தான்.

அவன் மார்பில் காதை வைத்தேன். ஒன்றுமில்லை.

செப்பு மட்டும்...

டொக்... டொக்...

மறுநாள் பிணப் பரிசோதனை செய்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்க அண்ணனுக்கு எப்பவாவது ஆபரேஷன் நடந்துதா?"

"இல்ல."

உடம்பில் ஒரு தழும்புகூட இல்லை. ஆனால் அவனுக்குள் இருந்தது, சருகாய்க் காய்ந்துபோன ஒரு குழந்தையின் இதயம்.

அப்படியே புதைத்தோம். செப்பைத் திறந்து காட்டுங்கள் என்று தேவாலயத்தில் கெஞ்சினேன். அழுதேன். முத்திரை வைத்தாயிற்று, இனி திறக்க முடியாது என்றுவிட்டார்கள். ஆனாலும் வாரம் தவறாமல் போய், செப்பு இருக்கும் அறையின் கம்பிக் கதவுக்கு வெளியே நின்றேன்.

போன வாரம் அங்கே விளக்கேற்றும் கிழவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இனிமே வராதம்மா. நீ வந்து நின்னாலே உள்ள வேகமா அடிச்சுக்குது. நீ போனப்புறம் விடிய விடிய அடங்கவே மாட்டேங்குது."