அம்சவேணி வாங்கிய பட்டன் டயர்

பேளுக்குறிச்சியில் லாரிக்காரம்மா என்றால் அம்சவேணி ஒருத்திதான். லாரி ஓட்டத் தெரியாது. ஆனால் ஓட்டுகிறவனைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்துக்கொள்ளத் தெரியும். புருசன் அர்த்தனாரி விஷக்காய்ச்சலில் போனபோது அவளுக்கு மிஞ்சியது அந்த லாரிதான். யுத்த காலம். பெட்ரோலுக்குப் பஞ்சம். லாரியின் பக்கத்தில் கரி அடுப்பை மாட்டி, அது கக்குகிற வாயுவில் முக்கி முனகி ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

புருசனின் அண்ணன் சின்னுசாமிக்கு அந்த லாரி கண்ணில் விழுந்த தூசி. பொம்பளை லாரி வைத்துப் பிழைப்பதாவது! ராசிபுரத்தில் வாங்க ஆளையும் பிடித்துவிட்டார். குடும்பச் சொத்து என்பதால் அவர் பேச்சுக்கு ஊரில் எடை இருந்தது. அம்சவேணி அழவில்லை, ஊர்ப் பெரியவர்களைக் கூட்டினாள். கடைசியில் ஒரு பேச்சு முடிவானது. பங்குனியில், மலைமேல் இருக்கிற திருப்புலி நாட்டிலிருந்து மிளகு இறங்கும். அந்த லோடு நனையாமல், பொழுது சாய்வதற்குள் ஊர் வந்து சேர்ந்தால் சின்னுசாமி இனி வாயைத் திறக்கக்கூடாது. சேராவிட்டால் லாரி ராசிபுரத்தானுக்கு.

மலைக்கு மேலே ரோடு கிடையாது. மலைக்காரர்கள் மூட்டைகளைத் தலையில் சுமந்து அடிவாரத்துக்குக் கொண்டுவருவார்கள். அங்கிருந்து காட்டுத்தடத்தில், ஓர் ஓடையைத் தாண்டி, லாரி ஏற்றிவர வேண்டும். வருசத்தில் நாலைந்து நடைதான் இப்படி. மற்ற நாளெல்லாம் சேலத்துக் கப்பி ரோடுதான் அதற்குக் கதி.

டயர்களோ மொட்டைத் தலையாய்த் தேய்ந்து கிடந்தன. சேலத்தில் கெஞ்சிக் கூத்தாடி இரண்டே இரண்டு டயருக்குப் பர்மிட் வாங்கினாள். கடையில் இரண்டு வகை இருந்தன. ஒன்று ரோட்டுக்கான கோடு போட்ட டயர். இன்னொன்று பட்டாளத்து லாரியிலிருந்து கழித்தது. கட்டை கட்டையாகத் துருத்திக்கொண்டிருக்கும் பட்டன் டயர்.

டிரைவர் பழனிமுத்து கோடு போட்டதைத் தட்டிப் பார்த்தான். “இதையே எடுத்துக்கலாம் அம்மணி. தெனமும் ஓடறது கப்பி ரோடு. பட்டன் டயரு ரோட்டுல ஊளையிட்டுக்கிட்டே தேஞ்சு போயிரும்.”

“தேஞ்சா தேயட்டுங்கண்ணா. ரோட்டுல மெதுவாப் போயிக்கலாம். மிளகு லோடு சேத்துல மாட்டுனா லாரியே போயிருமே!”

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பழனிமுத்து தலையாட்டினான். பட்டன் டயரையே வாங்கினார்கள். தகராறு வந்தது மாட்டும்போதுதான்.

“பின்னால மாட்டறேன் அம்மணி.”

அம்சவேணி மாட்டுவண்டிக்காரர் மகள். பிறந்த ஊட்டில் மூன்று ஜோடி காளை. “இழுக்கறது முன்னாலதானுங்கண்ணா? காளை கால் ஊனுனாத்தான வண்டி நகரும்? நல்ல டயரை முன்னால போடுங்க.”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். முதலாளி சொல் அம்பலம் ஏறும். பட்டன் டயர் முன் சக்கரங்களுக்குப் போனது.

மிளகு இறங்கிய அன்று காலையிலேயே மலை உச்சியில் மேகம் கட்டியிருந்தது. அம்சவேணியும் லாரியில் ஏறிக்கொண்டாள். ஊட்டில் உட்கார்ந்தால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. அடிவாரத்தில் மலைக்காரர் சாமியப்பனும் அவர் ஆட்களும் மூட்டைகளை ஏற்றினார்கள். சுமையைக் கொடுத்த கையோடு மலையேறிவிடும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. லாரி ஓடையைத் தாண்டுகிறவரை கூடவே நடந்து வருவார்கள், பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி. அன்றைக்கும் வந்தார்கள்.

ஓடையில் கணுக்கால் தண்ணீர்தான். லாரி இறங்கியது, நடுவில் திணறியது, நின்றேவிட்டது. பழனிமுத்து எஞ்சினை முறுக்கினான். சேறு வாரி அடித்தது. லாரி இம்மியும் நகரவில்லை.

சாமியப்பன் மேலே பார்த்தார். மலை கறுத்திருந்தது. “அம்மணி, மேல மழை புடிச்சிருச்சு. தண்ணி வந்துரும். வந்தா இடுப்புக்கு மேல வரும்.”

மிளகும் போச்சு, லாரியும் போச்சு, இனி சின்னுசாமி வாசலில் கூழுக்கு நிற்க வேண்டியதுதான் என்று அம்சவேணியின் மனசு ஓலமிட்டது. சேலையைச் செருகிக்கொண்டு சேற்றில் குதித்தாள். “இன்னொருக்கா முறுக்குங்கண்ணா!”

முறுக்கினான். அவள் முன் சக்கரத்தைப் பார்த்தாள். அவள் வாங்கிய புது டயர் கல்லுப் பிள்ளையாராட்டம் அசையாமல் நின்றது. பின்னால் மொட்டை டயர்தான் வழுக்கி வழுக்கிப் பைத்தியம் பிடித்ததுபோல் சுற்றியது. பார்த்தபடியே நின்றாள். இழுக்கிறது முன்னால் இல்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. தெரிந்தவன் சொன்னதைக் கேட்காமல் அடித்துப் பேசிய வாயை அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

“அண்ணா, நாந்தான் கெடுத்துட்டேன். இங்கயே மாத்திரலாமா?”

பழனிமுத்து அவளைக் குத்திக்காட்டவில்லை. “மாத்தலாம் அம்மணி. ஜாக்கி சேத்துல அமுந்துரும். ஆள் வேணும்.”

சாமியப்பன் ஒரு சத்தம் கொடுத்தார். மூட்டைகள் மறுபடியும் தலைகளில் ஏறிக் கரைக்குப் போயின. நாலு பேர் காட்டுக்கட்டையை அடியில் கொடுத்து நெம்ப, பழனிமுத்து நட்டுகளைக் கழற்றினான். அம்சவேணி பட்டன் டயரைத் தோளில் முட்டுக்கொடுத்துப் பின்னால் உருட்டினாள். தண்ணீரின் நிறம் செம்மண்ணாக மாறியது. முழங்காலைத் தொட்டது. ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் போவதற்குள் ஓடை இரையத் தொடங்கிவிட்டது.

“நட்டு முறுக்கியாச்சு, எல்லாரும் வெலகுங்க!”

பழனிமுத்து ஏறி உட்கார்ந்தான். எஞ்சின் உறுமியது. பின் சக்கரம் ஒரு சுற்று வழுக்கியது. அம்சவேணி எல்லாத் தெய்வத்தையும் ஒரே மூச்சில் கூப்பிட்டாள். டயரின் கட்டைகள் சேற்றைக் கவ்விப் பிடித்தன. லாரி குலுங்கிக்கொண்டே அக்கரை ஏறியது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. தலைச்சுமையோடு ஓடையைத் தாண்டி, மூட்டைகளைத் திரும்ப ஏற்றிவிட்டுத்தான் சாமியப்பன் ஆட்கள் இக்கரை திரும்பினார்கள்.

பொழுது சாய ஒரு நாழிகை இருக்கும்போது லாரி பேளுக்குறிச்சிச் சந்தைத்திடலில் நின்றது. ராசிபுரத்தான் ஒரு பக்கம், பெரியவர்கள் ஒரு பக்கம் காத்திருந்தார்கள். மூட்டை ஒவ்வொன்றையும் சின்னுசாமி கைவைத்து அழுத்திப் பார்த்தார். ஒன்றும் நனைந்திருக்கவில்லை. குற்றம் கிடைக்காமல் லாரியைச் சுற்றி வந்தவர் பின் சக்கரத்தருகில் நின்றார். முகம் மலர்ந்தது.

“பாத்தீங்களா கூத்தை! புது டயரைக் கொண்டுபோயிப் பின்னால மாட்டியிருக்கறா. காளையை வண்டிக்குப் பின்னால கட்டுவாங்களா எங்காச்சும்? இதுக்குத்தான் பொம்பளை புத்தி லாரிக்கு ஆவாதுங்கறது!”

ரெண்டொருவர் சிரித்தார்கள். அம்சவேணிக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனுசன் கையில் லாரி போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

“ஆமாங்க மாமா, பொம்பளை புத்திதான். முன்னாலதான் போடோணும்னு நானும் நின்னேன். நீங்க இப்பச் சொன்னீங்களே, அதையேதான் சொன்னேன். அதனாலதான் லாரி ஓடையில மாட்டுச்சு. பழனிமுத்தண்ணன் சொன்ன எடத்துக்கு மாத்துனோம், ஊடு வந்து சேந்தோம்.”

சின்னுசாமி டயரைப் பார்த்தார், பழனிமுத்துவைப் பார்த்தார். என்ன தப்பு என்று அவருக்கு இன்னும் விளங்கவில்லை என்பது எல்லாருக்கும் விளங்கிவிட்டது. ராசிபுரத்தான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தான்.