தட்டுங்கள், பரவாயில்லை

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது பள்ளிச் சான்றிதழில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. மற்றபடி உற்றார் உறவினர், அக்கம்பக்கம் எல்லோருக்கும் அவள் ‘சும்மாயிரு’தான்.

தவழ்ந்த காலத்திலிருந்தே அவள் கை நின்றதில்லை. அம்மா தைத்து முடித்த சட்டையில் நூல் நீட்டிக்கொண்டிருந்தால் பிடித்து இழுப்பாள், பொத்தான் கையோடு வரும். அப்பா செய்தித்தாளை விரித்தால் ஓரத்தைக் கிழித்து உருட்டி விளையாடுவாள். “சும்மா இருடி!” என்று மூன்று பேர் மூன்று பக்கமிருந்தும் கத்துவார்கள். இதையே கேட்டுக் கேட்டு வளர்ந்த எதிர்வீட்டுக் குழந்தை ஒருநாள் வாசலில் வந்து நின்று, “சும்மாயிரு அக்கா, விளையாட வாங்க!” என்று கூப்பிட்டது. அன்றோடு சரி, பெயர் ஒட்டிக்கொண்டது.

படித்து முடித்து ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே அட்டையிலிருந்த மாத்திரைகளைப் பேச்சுவாக்கில் ‘டப் டப்’பென்று அமுக்கி வெளியே எடுத்துவிட்டாள். முதலாளி கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்தார். அடுத்தது நூலகம். அங்கே மேஜையில் தாளம் போட்டாள். படிக்க வந்தவர்களில் ஒரு பெரியவர் தன்னையறியாமல் தலையாட்ட ஆரம்பித்ததும் அந்த வேலையும் போனது.

கடைசியில் பல் ஆஸ்பத்திரியின் முன்மேஜை அவளுக்கென்றே செய்துவைத்ததுபோல் அமைந்தது. ஃபோன் அடிக்கும், கோப்பு எடுக்க வேண்டும், ரசீது கிழிக்க வேண்டும். கைக்கு ஓய்வே இல்லை, அதனால் யாருக்கும் தொல்லையும் இல்லை. அந்த இடம் அவளுக்கு அவ்வளவு பிடித்துப்போனது. இதை மட்டும் விட்டுவிடக் கூடாது என்று தினமும் காலையில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் கதவைத் திறப்பாள்.

டாக்டரம்மா கைராசிக்காரர், வாய்தான் கொஞ்சம் காரம். அவருக்கு இருந்த ஒரே கவலை, நேரம் வாங்கிக்கொண்டவர்கள் வராமல் ஏமாற்றுவது. வலிக்கும்போது அலறியடித்துக்கொண்டு ஓடி வருவார்கள். வலி நின்றால் பல் இருப்பதையே மறந்துவிடுவார்கள். பாதி நாள் நாற்காலி காலியாகக் கிடக்கும், டாக்டரம்மா ஈ ஓட்டுவார்.

இதற்கு ஒரு வழி பண்ணிக் கொடுத்தவர் மிஷின் டாக்டர். அவர் டாக்டரே இல்லை. ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர், பிரின்டர், சில சமயம் பல் பிடுங்கும் நாற்காலியின் மிதிகட்டை வரைக்கும் பழுது பார்க்கிற ஆள். டாக்டரம்மாதான் வேடிக்கையாக அப்படிப் பெயர் வைத்தார். அவர் எழுதிய சின்ன புரோகிராம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தானாகவே விழித்துக்கொள்ளும். மறுநாள் வரவேண்டியவர்களுக்கு, யாருக்கு முதலில் நேரமோ அவருக்கு முதலில் என்று, வரிசையாக மெயில் அனுப்பும். கண்ணுக்குத் தெரியாத யாரோ உட்கார்ந்து தட்டுவதுபோல் முகவரி விழும், கடிதம் விழும், போய்விடும், அடுத்தது திறக்கும். ஒரே ஒரு சிக்கல். அந்த நேரத்தில் யாராவது கீபோர்டைத் தொட்டால் அதுவும் கடிதத்தில் ஏறிவிடும்.

யாராவது என்ன யாராவது! அங்கே தொடுகிற ஆள் ஒருத்திதானே. முதல் வாரமே ஒரு நோயாளிக்கு, ‘நாளை தவறாமல் வரவும். ஙஙஙபபபங’ என்று போனது. அவர் பயந்துபோய் வேறு டாக்டரைப் பார்த்துக்கொண்டார்.

“இன்னொரு தடவை என் பேர்ல இப்படி ஒரு மெயில் போச்சுன்னா, நீ வேற வேலை பாத்துக்கோ” என்றார் டாக்டரம்மா. அவர் சொன்னால் சொன்னதுதான்.

மறுநாள் மிஷின் டாக்டர் வந்தார். சும்மாயிரு தலையைக் குனிந்துகொண்டு, வழக்கமான அந்த இரண்டு வார்த்தைக்காகக் காத்திருந்தாள்.

“நான் வேணும்னு பண்ணல” என்றாள். “கை தானா போகுது.”

“தெரியும். உங்க கையை நிறுத்த முடியாது. அதான் மிஷினைச் செவிடாக்கிட்டேன்.”

“என்னது?”

“மெயில் போயி முடியிற வரைக்கும் கீபோர்டு, மவுஸ் ரெண்டுக்கும் பூட்டு. நீங்க என்ன தட்டினாலும் அதுக்குக் கேக்காது. நீங்க பாட்டுக்குத் தட்டுங்க.”

“தட்டலாமா?”

“தாராளமா.”

திரை முழுவதையும் மூடிக்கொண்டு ஒரு பலகை வந்தது. ‘மெயில் போய்க்கொண்டிருக்கிறது. தட்டுங்கள், பரவாயில்லை’ என்று அதில் எழுதியிருந்தது. வேறு யாராக இருந்தாலும் ‘தொடாதே’ என்றுதான் எழுதியிருப்பார்கள். அவள் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பிறந்ததிலிருந்து உலகம் பூராவும் அவள் கையைக் கட்டிப்போடப் பார்த்தது. இந்த ஒரு மனுஷன் மட்டும் அவள் கையை விட்டுவிட்டு மிஷினைக் கட்டிப்போட்டிருக்கிறான். அந்த நிமிடமே அவளுக்கு அவன்மேல் ஆசை வந்துவிட்டது. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

அதன் பிறகு மதியம் என்றாலே அவளுக்குக் கொண்டாட்டம்தான். பலகை வந்ததும் கீபோர்டை முன்னால் இழுத்துப்போட்டுக்கொள்வாள். முதலில் வெறும் தாளம். பிறகு டாக்டரம்மாவுக்குச் சுடச்சுடப் பதில்கள். பிறகு எல்லாமே அவனுக்குத்தான். நேரில் பார்த்தால் வாயில் ‘வாங்க, போங்க’வைத் தவிர வராது. பூட்டிய கீபோர்டில் அவன் ‘நீ’ ஆகிவிட்டான். ‘உன் சட்டை நல்லாயிருக்கு. இன்னிக்கு ஏன் சீக்கிரம் கிளம்பிட்டே?’ என்று மனதிலிருப்பதையெல்லாம் கொட்டினாள். தட்டச்சு வகுப்பில் எழுத்தைப் பார்க்காமல் தட்டப் பழகியவள், அதனால் ஜன்னலைப் பார்த்தபடியே காதலித்தாள்.

ஒருநாள் கம்ப்யூட்டர் யாரையும் கேட்காமல் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. அந்தக் குளறுபடியில் புரோகிராமுக்குப் பூட்டுப் போடுகிற அனுமதி பறிபோயிருந்தது. மதியம் பலகை வழக்கம்போல் வந்தது. பூட்டு மட்டும் விழவில்லை. பலகைக்குப் பின்னால் நடப்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் ஜன்னலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். ஆற அமர, ஓரிரு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தி, நாக்கில் வைத்து ருசிப்பதுபோல் தட்டினாள்:

‘எத்தனை நாளைக்குத்தான் சும்மா இருக்கிறது? என்னைக் கட்டிக்கிறியா மிஷின் டாக்டரே?’

கொஞ்ச நேரத்தில் ஃபோன் அடித்தது. ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர், கொதித்துக்கொண்டிருந்தார்.

“பல் கட்டிக்கணும்னா மரியாதையா கேக்கக் கூடாதா? என் வயசென்ன, ‘கட்டிக்கிறியா’ன்னு கேக்குறீங்க! ‘கட்டிக்கிறீங்களா’ன்னு கேட்டா குறைஞ்சா போயிடுவீங்க?”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அனுப்பியதைத் திறந்து பார்த்தாள். கடிதம் கடிதமாக அவள் வாக்கியம் துண்டு துண்டாகப் பிரிந்து ஊரெல்லாம் போயிருந்தது. கடைசித் துண்டு போன இடத்தைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள். கடைவாய்ப்பல் வலி என்று மறுநாள் கடைசி நேரத்தை வாங்கியிருந்தவர் வேறு யாருமில்லை, மிஷின் டாக்டரேதான். இனி வேலை போய்விடும். வேலை போனால் அவரைப் பார்க்கிற சாக்கும் போய்விடும். அன்று இரவு அவள் போர்வையின் நூலை உருவி உருவியே விடியவைத்தாள்.

காலையில் முதல் ஆளாக வந்து நின்றது அவர்தான். கன்னம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது.

“நேத்து மெயில்லயே ‘மிஷின் டாக்டரே’ன்னு கூப்பிட்டிருந்தீங்களே. பூட்டு போயிடுச்சுன்னு புரிஞ்சுக்கிட்டேன். ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமே!”

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “ஆமா ஆமா, பூட்டுதான். பூட்டேதான்!”

அவர் உட்கார்ந்து அனுமதியைத் திரும்ப வாங்கிக் கொடுத்துப் பூட்டைச் சரிசெய்தார். “வேற ஏதாவது தட்டினீங்களா?”

“ஒண்ணுமில்ல. சும்மா.”

அதற்குள் டாக்டரம்மா வந்து அவர் கன்னத்தைப் பார்த்துவிட்டார். “இந்த வீக்கத்தை வச்சுக்கிட்டு இங்க என்ன பண்றே? வா உள்ள” என்று இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

தப்பித்தோம் என்று அவள் மூச்சுவிட்ட நேரத்தில் வாசல் கதவு திறந்தது. பிறகு மூடவே இல்லை. ஒருவர் பாக்கியில்லாமல் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள், அதுவும் நேரத்துக்கு முன்பே.

“ஏம்மா, ‘எத்தனை நாளைக்குத்தான்’னு டாக்டரம்மா குத்திக் காட்டியிருக்காங்களே” என்றார் தையல்காரம்மா. “நான் இழுத்தடிச்சது தப்புதான், ஒத்துக்கிறேன். இன்னிக்கே பிடுங்கிடச் சொல்லு.”

“எனக்கு ‘சும்மா’ன்னு வந்துச்சு” என்றார் பஸ் டிரைவர், வாயெல்லாம் பல்லாக. “இன்னிக்கு வைத்தியம் சும்மாதானே? என் மச்சானையும் கூட்டிட்டு வந்திருக்கேன்.”

“எனக்கு ‘இருக்கிறது’ன்னு வந்திருக்கு” என்றார் தமிழ் வாத்தியார், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. “என்ன இருக்கிறது? பூச்சியா? நான் ராத்திரி பூராவும் தூங்கல.”

பழக்கடைக்காரம்மாவுக்குக் கிடைத்தது ‘என்னைக்’. “என்னைக்குன்னு கேட்டிருக்கீங்க, ‘கு’வைக் காணோம். இன்னிக்குத்தானே வரச் சொன்னீங்க?”

மூலையில் பேங்க் மேனேஜர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அது ஒண்ணுமில்லைங்க, கம்ப்யூட்டர் கோளாறு” என்றாள் சும்மாயிரு.

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். அவர் வாழ்நாளெல்லாம் பிள்ளைகளைக் கலைந்த சொற்களை ஒழுங்குபடுத்தி எழுத வைத்தவர். விடுவாரா? “கோளாறுக்கு இவ்வளவு நல்ல தமிழ் வராதும்மா. யாருக்கு முதல்ல நேரம்? அவங்க இந்த ஓரத்துல உக்காருங்க. அடுத்தவங்க பக்கத்துல. அவங்கவங்களுக்கு வந்ததைச் சத்தமா படிங்க.”

“சார், வேண்டாம் சார்!”

யார் கேட்டார்கள்? நாற்காலிகள் கிறீச்சிட்டன.

“எத்தனை நாளைக்குத்தான்.”

“சும்மா.”

“இருக்கிறது.”

“என்னைக்.”

பேங்க் மேனேஜர் எழுந்து நின்று, கம்பீரமாக, “கட்டிக்கிறியா!” என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே விளங்கியது. “அடடே” என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்தார். அவர் முகத்தில் நமுட்டுச் சிரிப்பு ஒன்று பரவியது.

“பேஷ்!” என்றார் வாத்தியார். “ஆனா யாரைக் கேக்குறாங்க? விளி இல்லையே. இன்னொரு மெயில் எங்கேயோ இருக்கணும்.”

அப்போது பார்த்தா உள்கதவு திறக்க வேண்டும்! மிஷின் டாக்டர் வெளியே வந்தார். ஊசி போட்டதில் பாதி முகம் மரத்திருந்தது, வாயில் பஞ்சு.

“தம்பி, உங்களுக்கும் மெயில் வந்துச்சா?” என்றார் வாத்தியார்.

அவர் வெகுளியாகத் தலையாட்டி ஃபோனை நீட்டினார். டிரைவர் வாங்கி, நிறுத்தத்தின் பெயரைக் கூவுகிற தோரணையில் படித்தார்: “மிஷின் டாக்டரே!”

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள், பிறகு அவளைப் பார்த்தார்கள். வாத்தியார் மெதுவாக, முழு வாக்கியத்தையும் ஒருமுறை சொன்னார். மிஷின் டாக்டருக்குப் புரிந்துவிட்டது என்பது மரத்துப்போகாத பாதி முகத்தில் தெரிந்தது. சும்மாயிரு மேஜையைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவள் இரண்டு கைகளும் அசையாமல் கிடந்தன. அவளுக்குப் பயமாக இருந்தது.

“என்ன நடக்குது இங்க?” டாக்டரம்மா கையுறையோடு வாசலில் நின்றார். டிரைவரும் பழக்கடைக்காரம்மாவும் போட்டிபோட்டுக்கொண்டு சொல்லி முடித்தார்கள்.

“நான் உன்கிட்ட என்ன சொல்லியிருந்தேன்?” என்றார் டாக்டரம்மா.

“இன்னொரு தடவை போச்சுன்னா...” என்று இழுத்தாள் சும்மாயிரு.

டாக்டரம்மா அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். உட்கார நாற்காலி இல்லாமல் டிரைவரின் மச்சான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். “எல்லாருமா வந்திருக்கீங்க? ஒருத்தர்கூட ஏமாத்தலியா?” அவர் குரல் மாறியது. “உன் கணக்கை அப்புறம் வச்சுக்கிறேன். முதல்ல இந்தத் தம்பி என்ன சொல்லப்போறான்னு கேப்போம்.”

மிஷின் டாக்டர் வாயைத் திறந்தார். “ஃபுஃபூ...”

“வாயை மூடு! பஞ்சு விழுந்துடும். ரத்தம் நிக்கிற வரைக்கும் பேசக் கூடாது!”

“ஐயோ!” என்று அறையே அலறியது. “அதுவரைக்கும் யாரு காத்திருக்கிறது!”

அவர் மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்தார். வெள்ளோட்டம் பார்ப்பதுபோல் புரோகிராமை ஓடவிட்டார். பலகை எழுந்து திரையை மூடியது, பூட்டு விழுந்தது. பிறகு இரண்டு கையாலும் தட்ட ஆரம்பித்தார்.

“என்ன எழுதுறார்? திரையில ஒண்ணும் தெரியலியே!” என்று டிரைவர் எட்டி எட்டிப் பார்த்தார்.

சும்மாயிருவுக்குத் திரை எதற்கு? எந்த விரல் எங்கே விழுந்தால் எந்த எழுத்து என்பது அவளுக்கு மனப்பாடம். அவர் விரல்களையே பார்த்தாள். ஓர் எழுத்து, இன்னொரு எழுத்து. கண் கலங்கி, கடைசி எழுத்துகளைக் கலங்கலாகத்தான் படித்தாள்.

“என்னம்மா சொல்றார்?” என்றார் வாத்தியார். “சொல்லித் தொலையேன்!”

“சரியாம்” என்றாள் அவள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. “ஆனா ஒரு நிபந்தனையாம். நான் ஒருநாளும் சும்மா இருக்கக் கூடாதாம்.”

கைத்தட்டலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பேங்க் மேனேஜர்தான் எல்லோரையும்விட உரக்கத் தட்டினார்.

“சரி சரி, நாற்காலி காலியா இருக்கு” என்றார் டாக்டரம்மா. “அடுத்த ஆளை அனுப்புடி. நாளைக்கும் இதே மாதிரி ஏதாவது எழுதி அனுப்பு.”

அவள் தையல்காரம்மாவை உள்ளே அனுப்பிவிட்டு உட்கார்ந்தாள். கை தானாக மேஜையில் தாளம் போட ஆரம்பித்தது. பக்கத்தில், பஞ்சைக் கடித்துக்கொண்டு, மிஷின் டாக்டர் தலையாட்டிக்கொண்டிருந்தார்.